ஒன்றரை அங்குல அலை

டியூஷன் மாஸ்டர் மேல் வெல்டருக்கு இருந்த ஆத்திரம் ஒரு ஜன்னல் கம்பியில் ஆரம்பித்தது. கம்பி தப்பாகப் போனதில் அவனுக்கு வருத்தமில்லை. தொழில் என்று இறங்கிவிட்டால் நாலு வேலை சொதப்பும், பத்து வேலை சரியாக வரும். தப்பைத் திருத்தித் தருகிறேன் என்று வந்து நின்றவனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, அதே தப்பை வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குக் காட்டிக் காட்டிச் சிரித்தாரே, அதுதான் அவனுக்கு ஜீரணமாகவில்லை.

யாரோ ஒருவர் செய்திருந்தால் போய்த் தொலை என்று விட்டிருப்பான். மாஸ்டர் அவனுடைய கூடப்பிறந்த அக்காவின் புருஷன். நல்லது கெட்டது என்று வந்தால் ஒரே பாயில் உட்கார வேண்டிய ஆள்.

மாஸ்டர் பெரிய படிப்பு படித்தவர். ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தார், ஆனால் நிரந்தரம் கிடையாது. கோடை விடுமுறை வந்தால் நிறுத்துவார்கள், பள்ளி திறந்ததும் கூப்பிடுவார்கள். இப்படியே வந்து போய்க்கொண்டிருந்தவர், ஒருநாள் தலைமையாசிரியர் கரும்பலகையில் போட்ட கணக்கைப் பிள்ளைகள் முன்னாலேயே அழித்துவிட்டுச் சரியாகப் போட்டுக் காட்டினார். அந்த வருஷம் நிறுத்தியவர்கள் அப்புறம் கூப்பிடவேயில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சைக்கிள் கடை மாடியில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து டியூஷன் ஆரம்பித்தார்.

எல்லாக் கணக்கும் சொல்லித் தருவார். ஆனால் அவருக்கு உயிர் என்றால் அலைதான். சைன், காஸ் என்று இரண்டு வளைவுகள். எந்த அலையைப் பார்த்தாலும் நாலு கேள்வி கேட்பார். வீச்சு எவ்வளவு, நடுக்கோடு எங்கே, ஒரு முழு அலை எவ்வளவு நீளம், பக்கவாட்டில் எவ்வளவு தள்ளியிருக்கிறது. இந்த நாலும் தெரிந்தால் அலையின் ஜாதகமே கையில் என்பார். மனுஷர்களையும் விடமாட்டார். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, வாயில் சோற்றை வைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"உங்க அக்கா கோபம் இருக்கே மாப்ளே, அதுக்கு வீச்சு கம்மி. ஆனா அடிக்கடி வரும். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. உங்க அப்பா கோபம் அப்படியில்ல. வருஷத்துக்கு ஒண்ணுதான். ஆனா வீட்டுக் கூரை பறந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த அக்காவும் சிரித்தாள். அப்படியே திரும்பி அவனைப் பார்த்தார்.

"மாப்ளைக்கு ஏத்த இறக்கமெல்லாம் ஊர் உலகத்துல இருக்கற மாதிரிதான். ஆனா மொத்த அலையையும் யாரோ கோட்டுக்குக் கீழ தள்ளி வெச்சுட்டாங்க. சிரிக்கற நாள்லகூட பூஜ்யத்துக்குக் கீழதான் நிப்பான்."

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு முழுசாகப் புரியவில்லை. மட்டம் தட்டுகிறார் என்பது மட்டும் புரிந்தது. அது புரிவதற்குப் படிப்பு எதற்கு?

மாடி அறைக்குப் படியேறும்போது எதிரே ஒரு ஜன்னல். அதற்குக் கம்பி போட வேண்டும் என்று மாஸ்டர் பட்டறைக்கு வந்தார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்து கொண்டுவந்திருந்தார். மேலும் கீழும் சாதாரண நேர்க்கம்பிகள். நடுவில் ஒரு பட்டை, பென்சிலில் லேசான கோடு. அந்தக் கோட்டின் மேலேயும் கீழேயும் போய் வருகிற மாதிரி இரண்டு அலைகள். கோட்டிலிருந்து அலையின் உச்சிக்கு ஒரு அம்புக்குறி, பக்கத்தில் மூன்று அங்குலம் என்று எழுதியிருந்தது. ஒரு முழு அலைக்குப் பன்னிரண்டு அங்குலம்.

"ரெண்டும் ஒரே அலைதான் மாப்ளே. மொதல் அலை நடுவுல இருந்து கிளம்பும், ரெண்டாவது உச்சியில இருந்து கிளம்பும். வேற வித்தியாசமே கிடையாது. படியேறி வர்ற பிள்ளைங்க கண்ணுல மொதல்ல அதுதான் படணும்" என்றார்.

சரி அத்தான் என்று தாளை வாங்கிக்கொண்டான்.

கம்பி வேலை செய்கிறவனுக்கு ஒரு புத்தி உண்டு. வீடு கட்டுகிறவர்கள் எதையாவது கிறுக்கிக்கொண்டு வருவார்கள். கிறுக்கியதை அப்படியே செய்தால் நிற்காது. நிற்கிற மாதிரி மாற்றிச் செய்து கொடுப்பதுதான் தொழில். அலைக்கம்பி பட்டையைக் குறுக்கே தாண்டிப் போனால் சமமாகப் படியாது, பற்றவைத்த இடமும் நாளைக்கு விட்டுவிடும். அதனால் எந்தப் பட்டறையிலும் அலை பட்டைக்கு மேல்தான் உட்காரும். அலையின் அடிப்பகுதி பட்டையைத் தொடுகிற இடமெல்லாம் ஒரு பொட்டு வெல்டிங். அப்புறம் யானை மோதினாலும் அசையாது. அலையின் உயரம் என்றால் அடியிலிருந்து நுனி வரைக்கும். அதைத் தவிர வேறு உயரம் இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

இரும்புத் தகட்டில் முளைகளைப் பற்றவைத்து, நீளக் கம்பி ஒன்றை அந்த முளைகளுக்கு நடுவே வளைத்து வளைத்துக் கொண்டுபோனான். இரண்டாவது அலைக்கு அதே முளையில் இன்னொரு கம்பி வளைத்தான். உச்சியிலிருந்து கிளம்ப வேண்டும் என்றாரே என்று, அதன் தலையில் கால் அலையை, அதாவது மூன்று அங்குல அகலத்துக்கு, வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்துக்கு நகர்த்தி வைத்தான். வேலை முடிந்தது. பட்டையின் முன் ஓரத்தில் ஒரு அலை, பின் ஓரத்தில் ஒரு அலை. இரண்டும் அடியிலிருந்து நுனி வரை மூன்று அங்குலம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அவனே தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான். மாஸ்டர் மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுவரைக் கொத்தி, கம்பியை நிறுத்தி, சிமெண்ட் பூசி முடிக்கிற வரை கூடவே நின்றார். தண்ணீர் மொண்டு கொடுத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சிமெண்ட் காய்ந்தது. டியூஷன் ஆரம்பித்தது. முதல் பாடமே அந்த ஜன்னல்தான்.

வீச்சு எவ்வளவு என்று கேட்பாராம். மூன்று என்று பிள்ளைகள் கத்துமாம். எங்கேயிருந்து மூன்று? பட்டையிலிருந்து சார். பட்டைதான் நடுக்கோடு என்று உங்களுக்கு யார் சொன்னது? வகுப்பு முழிக்கும். அலை எவ்வளவு மேலே போகிறது, எவ்வளவு கீழே வருகிறது என்று பாருங்கள், அதற்குப் பாதியில் இருப்பதுதான் நடு என்பார். அந்த நடுவிலிருந்து உச்சி வரைக்கும் உள்ளதுதான் வீச்சு. அப்போ இந்த ஜன்னலில் வீச்சு எவ்வளவு? ஒன்றரை. நடுக்கோடு எங்கே? பட்டைக்கு மேலே ஒன்றரை அங்குலத்தில், கம்பியே இல்லாத காற்றில். நான் சொன்ன அலை பாதியாகச் சுருங்கி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. இதைச் செய்த மகானுபாவன் யார் தெரியுமா, என் சொந்த மச்சான் என்று முடிப்பாராம். வகுப்பு உருண்டு புரண்டு சிரிக்குமாம்.

இதையெல்லாம் பட்டறைக்குக் கம்பி வாங்க வந்த ஒருவர் தன் பையன் சொன்னதாக வெல்டரிடமே சொன்னார். அவரும் சிரித்தார்.

வெல்டர் அன்றைக்கே புதுக் கம்பி எடுத்தான். இந்த முறை பட்டையை இரண்டாகப் பிளந்து, நடுவில் அலையைச் சொருகி, மேலே மூன்று கீழே மூன்று என்று படத்தில் இருந்தபடியே செய்தான். வேலை இரண்டு மடங்கு, கையில் தீப்பொறி பட்டு இரண்டு கொப்புளம். ஒரு பைசா கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போய் மாடிப்படியில் நின்றான். பழையதை அறுத்துவிட்டு இதை வைத்துத் தருகிறேன் அத்தான் என்றான்.

மாஸ்டர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இது சரியா இருக்கு. சரியா இருக்கறத வெச்சுக்கிட்டு நான் என்ன பாடம் நடத்தறது? போ, கொண்டு போ."

சரியான கம்பி பட்டறையின் பின்சுவருக்குப் போனது. நாளடைவில் எண்ணெய்க் கந்தல்களை அதில் காயப்போட ஆரம்பித்தார்கள்.

பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. ஒன்றரை. டியூஷன் பிள்ளைகள் வைத்த பெயர். அவர்கள் வளர்ந்தார்கள், வீடு கட்டினார்கள், கம்பி போட ஒன்றரையிடம் போ என்று அடுத்தவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். புதிதாக வருகிறவர்கள் முதலில் அவன் கண்ணைப் பார்ப்பார்கள், மாறுகண் என்று நினைத்து. இரண்டு கண்ணும் நேராக இருப்பதைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். அந்த ஏமாற்றத்துக்கும் சேர்த்து அவன் மாஸ்டரைத் திட்டிக்கொள்வான்.

இதோடு நின்றிருந்தால்கூட விழுங்கியிருப்பான். அவனுக்கு ஒரே மகள். கணக்கு என்றால் கையில் பேனாவால் எழுதிப் பார்க்கிற அளவுக்குப் பைத்தியம். இஞ்சினியர் ஆகப்போகிறேன் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். அத்தை புருஷன் அவளுக்கு மாமா. மாமாவிடம்தான் படிப்பேன் என்று நின்றாள். அக்காவும் வந்து, சொந்தப் பிள்ளைக்குச் சொல்லித் தராமல் யாருக்குச் சொல்லித் தரப்போகிறார் என்றாள். சரி போ என்று அனுப்பினான்.

முதல் நாள். அதே ஜன்னல். முதல் கேள்வி, இரண்டாவது கேள்வி. வழக்கம்போலச் சிரிப்பு. யார் சார் அந்த மச்சான் என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். மாஸ்டர் சாக்பீஸை நீட்டி, அதோ அவன் பொண்ணு உட்கார்ந்திருக்கு, அதையே கேளு என்றிருக்கிறார். வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டாள்.

பட்டறைக்கு நேராக வந்தாள். கண்ணாடி முகமூடியை அவன் தூக்குகிற வரைக்கும் காத்திருந்தாள். அழவில்லை.

"தப்புன்னு தெரிஞ்சும் ஏம்ப்பா மாத்திக் குடுக்கல?"

அவளுக்குப் பின்னால், கைக்கு எட்டும் தூரத்தில், மாற்றிச் செய்த கம்பி கந்தல் போர்த்திக்கொண்டு தொங்கியது. திரும்பிப் பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசலோடு துரத்தப்பட்டேன் என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை. உனக்கு எதுக்கு அதெல்லாம், போய் வேலையைப் பார் என்று அதட்டி, முகமூடியை இறக்கிக்கொண்டான்.

அவள் அதற்குப் பிறகு கணக்கைத் தொடவில்லை. வேறு பாடம் எடுத்தாள், அதிலும் மனம் ஒட்டவில்லை. இப்போது ஒரு பெரிய துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே துணி அளந்து கிழிக்கிறாள். சாயங்காலம் வரும்போது கால் வீங்கியிருக்கும். செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் வெல்டருக்கு மாடிப்படியும் சாக்பீஸும் ஞாபகம் வரும்.

மாஸ்டர் வீட்டு வாசலை அவன் மிதிக்கவில்லை. தெருவில் எதிரே வந்தால் ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். அக்காதான் நடுவில் கிடந்து அல்லாடினாள். அவள் ஒருமுறை பட்டறைக்கு வந்து, "அவர் வாய் அப்படித்தான்டா. என்கிட்ட மட்டும் என்ன தேனா ஒழுகுது?" என்றாள். உன் புருஷன் என் பொண்ணுகிட்ட வந்து, தப்பு என்னுடையதுதான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்னிக்கு நான் உன் வீட்டுக்கு வர்றேன் என்றான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அத்தனை வருஷமும் காத்திருந்தான். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். வார்த்தை வரவில்லை.

காலம் மாஸ்டரையும் விட்டுவைக்கவில்லை. பெரிய பெரிய டியூஷன் கம்பெனிகள் வந்தன. குளிர்சாதன அறையில், சுவர் முழுக்கத் திரையில் அலை தானாக நெளிந்தது. மாடி அறையில் பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கடைசியில் தேறாத இரண்டு மூன்று பேர்தான் வந்தார்கள். மூச்சு இழுக்கிற வியாதி வேறு. பாதிப் படியில் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் பாதிப் படியோடு திரும்பி வீட்டுக்குப் போய்ப் படுத்தவர், அதற்குப் பிறகு கட்டிலோடு கிடந்தார்.

கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள், அறையில் இருக்கிற சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று அக்கா வந்து சொன்னாள். பெஞ்சைப் பழைய சாமான்காரன் எடுத்துக்கொண்டானாம். ஜன்னல் கம்பியை மட்டும் நீ அறுத்து எடுத்துட்டு வாடா, வேற யாரையும் தொட விடாதேன்னு சொல்றார் என்றாள்.

வெல்டர் அறுக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனான். அவ்வளவு ஆசையாக அவன் எந்தக் கம்பியையும் அறுத்ததில்லை. நாலு மூலையிலும் பொறி பறக்க அறுத்தான். பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பழுக்கக் காய்ச்சி, அடித்து நேராக்கி, பழைய இரும்போடு போட்டுவிடுவது என்றுதான் தோளில் ஏற்றினான். படியிறங்கும்போது புத்தி மாறியது. அதை அந்த ஆள் முகத்துக்கு முன்னால் போட்டுவிட்டு அப்புறம் நேராக்கலாம் என்று அக்கா வீட்டுக்கு நடந்தான்.

மாஸ்டர் கட்டிலில் இரண்டு தலையணைக்கு மேல் சாய்ந்திருந்தார். மனுஷன் பாதியாகியிருந்தார். சட்டைக்குள் தோள் எலும்பு ஹேங்கர் மாதிரி நின்றது. வெல்டர் எதிர்ச்சுவரில் கம்பியைச் சாய்த்தான். இந்தாங்க உங்க பாடம் என்றான்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, அக்கா ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

"தலைகீழா வெச்சிருக்க மாப்ளே. இப்ப கோடு மேல, அலை மொத்தமும் கீழ. உன்னையே உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு."

இவ்வளவு நடந்தும் அந்த நாக்கு அடங்கவில்லையே என்று வெல்டருக்குக் காது சூடேறியது. கேட்டுவிட்டான். அந்தத் தாளில் மூன்று அங்குலம் நடுவிலிருந்து என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் குடி முழுகிப் போயிருக்குமா? திருத்திக்கொண்டு வந்தபோது வாங்கி வைத்திருந்தால் கௌரவம் குறைந்திருக்குமா? என் பொண்ணு என்ன பாவம் பண்ணினாள்? ஒவ்வொன்றாகக் கேட்டான். அக்கா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் மூச்சை எடுத்துக்கொண்டார்.

"நீ படியில தூக்கிட்டு ஏறும்போதே பாத்துட்டேன் தப்புன்னு. சிமெண்ட் பூசறதுக்கு முன்னால சொல்லியிருக்கலாம். சொல்லல."

"ஏன்?"

"ஸ்கூல்ல இருந்து என்னத் தூக்கி எறிஞ்ச நேரம். அப்போ என் முன்னாடி வேற ஒருத்தன் தப்பு பண்ணிட்டு, அது தெரியாம நிக்கறதப் பாக்க நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான்."

வெல்டர் கதவோரம் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷமாக வாங்க வேண்டும் என்று நினைத்த வார்த்தை வந்துவிட்டது. வந்தபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. இதைக் கேட்க வேண்டியவள் இந்நேரம் கடையில் நின்று யாருக்கோ துணி கிழித்துக்கொண்டிருப்பாள்.

"உன் பொண்ணு ரெண்டாவது கேள்வியோட எழுந்து போயிட்டா" என்றார் மாஸ்டர். "மூணாவது நீளம். அது நீ சரியாத்தான் போட்டிருந்த. நாலாவது, ஒண்ணுக்கு ஒண்ணு எவ்வளவு தள்ளியிருக்குன்னு. ஒரே முளையில வளைச்சு, கால் அலைய வெட்டி நகத்தி வெச்சிருக்கான் பாருங்க, சைனும் காஸும் ஒண்ணுதான்னு இதவிட எப்படிக் காட்டறதுன்னு ஒவ்வொரு வருஷமும் சொல்லுவேன். அதுவும் பாடத்துல உண்டு."

"யார் கேட்டா?" என்றான் வெல்டர். "எவன் என்னை அதை வெச்சுக் கூப்பிட்டான்? ஒன்றரைதான நின்னுச்சு."

மாஸ்டர் நிஜமாகவே வகுப்பில் அப்படிச் சொல்லியிருப்பாரா, சாகிற நேரத்தில் கட்டி விடுகிறாரா என்று வெல்டரால் கண்டுபிடிக்க முடியவில்லை. சாட்சிக்கு அந்த வகுப்பில் கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்கள் வேண்டும். அவர்களுக்கோ சிரித்தது மட்டும்தான் ஞாபகம். குனிந்து கம்பியைத் தூக்கித் தோளில் வைத்தான்.

"திருத்திக் கொண்டு வந்தியே, அது இருக்கா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"இருக்கு. கந்தல் காயுது அதுல."

"நேராக்கிடாத இத. ரெண்டையும் உன் பொண்ணு முன்னால கொண்டு போய் வை" என்றார் மாஸ்டர். அடுத்ததைச் சொல்வதற்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. "ரெண்டு கேள்விதான் நான் அவகிட்ட கேட்டிருக்கேன். மீதி ரெண்டையும் நீ கேளு, மாப்ளே."